ஐந்தில் வளையாதது அறுபதிலும் வளையும்



"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று பெரியவர்கள் கேட்டு வைத்தது பிள்ளை வளர்ப்புக்காக. நாமோ அதை நம் உடம்புக்கும் சொல்லிக்கொண்டு, நாற்பது வயதிலேயே குனிவதை விட்டுவிடுகிறோம். கீழே விழுந்த சாவியை எடுக்கக் கடைப் பையனைக் கூப்பிடுகிறோம். துக்க வீட்டுக்குப் போனால், எல்லாரும் பாயில் அமர்ந்திருக்க, நமக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி தேடுகிறார்கள். அதை மரியாதை என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது மரியாதை அல்ல, நமது முட்டியின் நிலவரம்.

நமக்கு இப்போது வயது 66. அக்காள்மடத்தில் கருவாட்டு மொத்த வியாபாரம். நாற்பது வருஷத்துக்கு மேலாகக் கல்லாவும் கிட்டங்கியுமாக ஓடிவிட்டது. உடம்பைப் பற்றி எழுத நாம் வைத்தியரும் அல்ல, யோகியும் அல்ல. பட்டுத் தெரிந்ததைச் சக வியாபாரிகளுக்குச் சொல்லலாம் என்ற ஒரே தகுதிதான் நமக்கு உண்டு.

2023-ஆம் வருஷம் மார்ச் மாதம் ஒரு நாள் காலை. கிட்டங்கியிலிருந்து எக்ஸ்.எல். வண்டியில் வெளியே வந்தோம். பின்னால் நம் கடை ஆள் உட்கார்ந்திருந்தான். சந்திலிருந்து இராமேசுவரம் நெடுஞ்சாலையில் ஏறும் இடம். வலப்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டோம் என்றுதான் நினைத்தோம். ஆனால் கழுத்து பாதி தூரம்தான் திரும்பியிருக்கிறது. "முதலாளி, வேன்!" என்று பையன் கத்தினான். பிரேக்கைப் பிடித்தோம். சுற்றுலா வேன் ஒரு முழ தூரத்தில் எங்களைக் கடந்து போய் நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து, "பெரியவரே, திரும்பிப் பார்க்க மாட்டீங்களா?" என்று கேட்டார்.

பார்க்க மாட்டோம் என்பதல்ல, பார்க்க முடியவில்லை. அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அன்று நமக்கு ஏதாவது ஆகியிருந்தால் நம் வயதுக்கு ஒன்றுமில்லை. பின்னால் இருந்தவனுக்கு இருபத்திரண்டு வயது. அந்த இரவு தூக்கம் வரவில்லை.

உடம்பு ஏன் இறுகுகிறது?

மறுநாள் மருத்துவரிடம் போனோம். கழுத்தைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "எலும்புத் தேய்மானம் உங்கள் வயதுக்கு உள்ளதுதான். தசைகள்தான் இறுகிக் கிடக்கின்றன. மாத்திரையால் இளகாது, பயிற்சி செய்யுங்கள்" என்றார்.

யோசித்துப் பார்த்தால் நமது தொழிலே உடம்பை இறுக்கும் தொழில்தான். காலை எட்டு மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு ஒன்பது வரை அதே இருக்கை. உட்கார்ந்தே இருப்பதால் தொடையின் முன்பக்கமும் இடுப்பின் முன்பக்கமும் சுருங்கிய நிலையிலேயே பழகிவிடுகின்றன. தொடையின் பின்பக்கத் தசை நீளவே மறந்துவிடுகிறது. அது இடுப்பெலும்பைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்வதால், குனியும்போது இடுப்பு மடங்குவதில்லை. அந்த வேலை முழுவதும் கீழ்முதுகின் தலையில் விழுகிறது. பேரேட்டைப் பார்த்துக் குனிந்த கழுத்து இப்போது கைபேசியைப் பார்த்துக் குனிகிறது. பக்கத்து அலமாரியில் இருப்பதை எடுக்கக்கூடத் திரும்புவதில்லை, ஆளைச் சொல்லி எடுக்கிறோம்.

சில்லறை வியாபாரிகள் நிலை வேறு. அவர்கள் நாள் முழுதும் நின்றபடி, ஒரே கையால் தராசுப் பக்கம் சாய்ந்து பொட்டலம் போடுகிறவர்கள். ஒரு தோள் ஏறி, ஒரு தோள் இறங்கியிருக்கும். மூட்டை தூக்கும் தொழிலாளிகளுக்கு வலு இருக்கிறது. ஆனால் வலு வேறு, வளைவு வேறு. 50 கிலோ மூட்டையைத் தூக்குகிறவருக்குத் தன் கால் நகத்தை வெட்ட முடியாமல் இருப்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

இதற்கு மேல் சர்க்கரை நோய். வியாபாரிகளில் பலருக்கு அது உண்டு. இரத்தத்தில் சர்க்கரை பல வருஷம் கூடுதலாக இருந்தால், மூட்டைச் சுற்றியுள்ள நார்ப் பகுதிகள் கடினப்பட்டுவிடும். தோள்பட்டை உறைந்து கையை மேலே தூக்க முடியாமல் போவது மற்றவர்களைவிடச் சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம்.

நம் ஊர்க்காரர்களுக்குப் பாம்பன் பாலத்தைக் காட்டினால் விஷயம் உடனே புரியும். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதியைக் கப்பல் வரும்போது ஆட்கள் கையால் இயக்கித் தூக்குவார்கள். உப்புக் காற்றில் துரு ஏறாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நூறு வருஷத்துக்கு மேல் அது திறந்து மூடியதற்கு இரும்பின் உறுதி மட்டும் காரணமல்ல, ஓயாத பராமரிப்பும்தான் காரணம். 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி, 72.5 மீட்டர் நீளப் பகுதி நேராக மேலே தூக்கும் புதிய பாலம் திறக்கப்பட்டது. பாலத்துக்கு மாற்றுப் பாலம் கட்டினார்கள். நம் இடுப்புக்கும் கழுத்துக்கும் மாற்று யார் கட்டித் தருவது?

நாம் பட்ட அடி

மருத்துவர் சொன்ன மூன்றாம் நாளே யோகாசனத்தில் இறங்கினோம். எப்படி? கைபேசியில் ஒரு படத்தைப் பார்த்து. அதில் ஒரு இளைஞர் காலை நீட்டி உட்கார்ந்து, குனிந்து, தலையை முழங்காலில் வைத்தார். பச்சிமோத்தாசனம் என்று பெயர். நாமும் காலை நீட்டி, பெருவிரலைப் பிடித்தே தீருவது என்று மூச்சைப் பிடித்து எம்பினோம். முதுகில் சுளீர் என்றது. பத்து நாள் படுக்கை. கடையை மகன் பார்த்துக்கொண்டார்.

குற்றம் யோகாசனத்தின் மேலும் இல்லை, படம் காட்டியவர் மேலும் இல்லை. முதல் போடாமல் ஒரே நாளில் லாபம் பார்க்க நினைத்த நம் புத்தியின் மேல்தான்.

தங்கச்சிமடத்தில் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பார்க்க வந்தவர் சிரித்துக்கொண்டே, "அண்ணாச்சி, கடன்காரனிடம் சட்டையைப் பிடித்தால் பணம் வருமா? தினமும் போய் ஒரு முகம் காட்டிவிட்டு வந்தால்தானே வரும்? தசையும் அப்படித்தான்" என்றார். விளக்கமும் சொன்னார். தசையை வெடுக்கென்று இழுத்தால், கிழிந்துவிடுமோ என்று அது தன்னைத்தானே சுருக்கிக்கொள்ளும். அது உடம்பின் காவல். மெதுவாக இழுத்து, வலி வருமுன் நிறுத்தி, மூச்சை நிதானமாக விட்டால், அந்தக் காவல் சிறிது தளரும். ஆரம்ப வாரங்களில் நமக்குக் கிடைக்கும் வளைவு பெரும்பாலும் தசை நீண்டதால் அல்ல, "இவ்வளவு தூரம் போகலாம்" என்று நரம்பு ஒப்புக்கொள்வதால்தான்.

பெரியவர்கள் காட்டிய வழி

யோகம் நமக்குத் தூரத்துச் சரக்கு அல்ல. யோக சூத்திரம் செய்த பதஞ்சலி முனிவர் இராமேசுவரம் திருக்கோயிலில் சமாதி கொண்டார் என்பது ஐதீகம். ஆசனம் என்பது உறுதியாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதே அவர் சொன்ன இலக்கணம். பத்து நாள் படுக்கையில் கிடந்தபோதுதான் "சுகமாகவும்" என்ற சொல்லின் அருமை நமக்குப் புரிந்தது.

இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கும் ஆசனப் பயிற்சிக்குப் பெரிய காரணர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். 1888-இல் பிறந்து, மைசூர் அரண்மனையில் கற்பித்து, 1950-களில் சென்னைக்குக் குடிவந்தவர். அவரது மகன் தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தைத் தொடங்கினார். ஆளுக்குத் தக்கபடி ஆசனத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமே தவிர, ஆசனத்துக்காக ஆளை முறிக்கக் கூடாது என்பது அவர்கள் பாடம். கிருஷ்ணமாச்சாரியார் நூறு வயது கண்டு 1989-இல் மறைந்தார். தொண்ணூறு தாண்டிய வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது, படுக்கையிலேயே செய்யத்தக்க பயிற்சிகளைத் தமக்கு அமைத்துக்கொண்டார் என்று அவர் வரலாற்றில் சொல்வார்கள். அது அவருக்கு முடிந்தது. நமக்கு எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

அவரிடம் படித்த பி.கே.எஸ். அய்யங்காரின் கதையைத்தான் நம் ஆசிரியர் நமக்கு மருந்தாகச் சொன்னார். 1918-இல் பிறந்த அவர் சிறு வயதில் நோயாளி. உடம்பு மரக்கட்டை. பழகாத ஹனுமானாசனத்தைக் கூட்டத்துக்கு முன் செய்து காட்டச் சொன்னபோது தொடைத் தசை கிழிந்து, நெடுங்காலம் நடக்க அவதிப்பட்டதாக அவரே கூறியிருக்கிறார். பிற்காலத்தில் புனேயில் இருந்து கற்பித்தபோது, நாற்காலி, செங்கல் போன்ற கட்டை, பட்டை, கயிறு, சுவர் ஆகியவற்றைத் துணையாக வைத்துக்கொண்டு, வளையாதவர்களும் செய்யும் வழியைக் கண்டார். 2014-இல் தமது 95-ஆம் வயதில் காலமானார். தரையைத் தொட முடியாவிட்டால் தரையை உயர்த்திக்கொள் என்பதுதான் அவர் முறையின் சாரம். இது நம் போன்றவர்களுக்கென்றே சொன்னது.

தமிழ்நாட்டு வியாபாரிகள் மறக்கக் கூடாத இன்னொருவர் வேதாத்திரி மகரிஷி. 1911-இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, கைத்தறித் தொழில் நடத்திப் பலருக்கு வேலை கொடுத்தவர். தொழிலின் ஏற்ற இறக்கம் அறிந்தவர். எல்லா வயதினரும் செய்யக்கூடியபடி கை, கால், மூச்சு, கண், மகராசனம் என்று வரிசைப்படுத்தி எளியமுறை உடற்பயிற்சியை அமைத்துத் தந்தார். அதைச் சொல்லித்தரும் மனவளக்கலை மன்றங்கள் இன்று பல ஊர்களில் உள்ளன. 1984-இல் ஆழியாறில் அறிவுத் திருக்கோயிலை அமைத்த அவர் 2006-இல் மறைந்தார்.

61 நாள் கணக்கு

நம் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகளைக் கரையேற்றி, பலகை மாற்றி, வர்ணம் அடிப்பார்கள். நமக்கும் வரத்து குறைந்து கை ஓயும் காலம். "படகுக்குச் செய்வதை இந்த வருஷம் நீங்களும் உங்களுக்குச் செய்துகொள்ளுங்கள்" என்றார் ஆசிரியர்.

நால்வர் சேர்ந்தோம். நாம், தங்கச்சிமடத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாய், ஒரு அரிசிக் கடைக்காரர், வலைக்கயிறு விற்கும் ஒருவர். இடம் நமது கிட்டங்கி. கருவாட்டு வாடைக்குப் பாய் முதலில் மூக்கைப் பிடித்தார். பிறகு பழகிவிட்டது. காலை ஆறரை முதல் ஏழு மணி வரை. பாய்க்கு மந்திரம் சொல்வதில் தயக்கம் இருந்தது. ஆசிரியர், "மூச்சை எண்ணுங்கள், அது போதும். மூட்டுக்கு மதம் கிடையாது" என்று முடித்துவிட்டார்.

முதல் நாள் துணிக்கடை மீட்டர் அளவுகோலை வைத்து அளந்தோம். முழங்காலை மடக்காமல் வலிக்காத மட்டும் குனிந்தால், நம் விரல் நுனிக்கும் தரைக்கும் 16 அங்குலம். கழுத்தைத் திருப்பினால் தோளுக்கு நேரே பார்வை போகவில்லை. பேரேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதி வைத்தோம். வியாபாரிக்கு எழுதி வைத்தால்தான் நம்பிக்கை வரும்.

முதல் இரண்டு வாரம் ஒரு மாற்றமும் இல்லை. இருபதாம் நாள் வலைக்கயிற்றுக்காரர் நின்றுவிட்டார். "நேரம் இல்லை" என்றார். தடைக்காலத்தில் அவருக்கு என்ன நேரமின்மை என்று நாங்கள் கேட்கவில்லை. மூன்றாம் வாரத்துக்கு மேல் காலையில் எழும்போது முதுகு முன்போல் மறுக்கவில்லை. ஐந்தாம் வாரம் செருப்பு வாரை நாமே குனிந்து மாட்டினோம். 61-ஆம் நாள் அளந்தபோது 16 அங்குலம் 10 ஆகியிருந்தது. கழுத்து இருபுறமும் தோளைத் தாண்டித் திரும்பியது. ஜூன் 15 காலை கடலுக்குப் போன படகுகள் திரும்பி, வரத்து வந்து, வியாபாரம் சூடு பிடித்த பிறகும் மூவரும் விடவில்லை. அரை மணி என்பதைப் பதினைந்து நிமிஷமாகக் குறைத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

கடை திறக்குமுன் செய்யத்தக்கவை

எங்களுக்கு ஆசிரியர் அமைத்துக் கொடுத்த வரிசை இது. ஒவ்வொரு நிலையிலும் ஐந்து நிதானமான மூச்சு, அதாவது சுமார் 20 முதல் 30 விநாடி நிற்பது போதும். இரண்டு தடவை செய்யலாம். முதலில் ஐந்து நிமிஷம் நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும்.

1. கழுத்து: நேராக உட்கார்ந்து, மெதுவாக வலப்பக்கம் திரும்பி நின்று, நடுவுக்கு வந்து, இடப்பக்கம் திரும்புதல். பிறகு காது தோளை நோக்கிச் சாய்தல். தலையை வட்டமாகச் சுழற்ற வேண்டாம்.

2. கை உயர்த்தல்: சுவரில் முதுகு சாய்த்து நின்று, இரு கைகளையும் காதோரமாக மேலே தூக்குதல். தோள் இறுகியவர்கள் சுவரில் விரல்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போகலாம்.

3. மேஜை பிடித்துக் குனிதல்: கல்லா மேஜையில் இரு கைகளையும் வைத்து, கால்களைப் பின்னே தள்ளி வைத்து, முதுகைக் கூன் போடாமல் இடுப்பிலிருந்து மடங்குதல். முழங்கால் சற்று மடங்கினாலும் பாதகமில்லை. பச்சிமோத்தாசனத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் மூன்று மாதம் இதைச் செய்துவிட்டு யோசிக்கட்டும்.

4. நாற்காலித் திருப்பம்: நாற்காலியில் பக்கவாட்டாக உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, சாய்மானத்தை இரு கைகளாலும் பிடித்து உடலைத் திருப்புதல். இருபுறமும். பரத்வாஜாசனத்தின் எளிய வடிவம் இது. இடுப்பு அசையக் கூடாது.

5. பூனை நிலை: கையும் முழங்காலும் ஊன்றி, மூச்சை விட்டு முதுகை மேலே வளைத்து, மூச்சை இழுத்துக் கீழே இறக்குதல். முட்டிக்கு அடியில் மடித்த சாக்கு வைத்துக்கொள்ளலாம்.

6. புஜங்காசனம்: குப்புறப் படுத்து நெஞ்சை மட்டும் சிறிது தூக்குதல். நாள் முழுதும் முன்னால் வளைந்த முதுகுக்கு இது எதிர் வளைவு. கையை அழுத்தி உயரம் போக வேண்டாம்.

7. துண்டு பிடித்துக் காலை உயர்த்தல்: மல்லாந்து படுத்து, உள்ளங்காலில் துண்டை மாட்டி, இரு முனையையும் கையில் பிடித்து, காலை மெதுவாக மேலே கொண்டுவருதல். மற்றக் கால் தரையில். முதுகு தரையில் பத்திரமாக இருப்பதால், தொடைப் பின்தசைக்கு இதைவிட ஆபத்தில்லாத வழி எங்களுக்குத் தெரியவில்லை.

8. பவனமுக்தாசனம்: படுத்தபடி ஒரு முழங்காலை நெஞ்சோடு அணைத்தல். பிறகு மற்றக் கால்.

9. சவாசனம்: மூன்று நிமிஷம் அசையாமல் படுத்திருத்தல். கொள்முதல் விலையை நினைக்காமல் படுத்திருப்பதுதான் இதில் கஷ்டம்.

சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்தே செய்ய வேண்டும். காலையில் உடம்பு இறுக்கமாகவும் மாலையில் இளக்கமாகவும் இருப்பது இயற்கை. காலையில் முடியவில்லை என்றால் இரவு கடை மூடிய பிறகு, சாப்பாட்டுக்கு முன் செய்யலாம். பகலில் மணிக்கு ஒரு முறை கல்லாவை விட்டு எழுந்து இரண்டு நிமிஷம் நடப்பது இதற்குச் சமமான புண்ணியம்.

வெளிநாட்டு மருத்துவர்களின் கணக்கு

பிரேசில் நாட்டு மருத்துவர் கிளாவ்தியோ அராவுஜோ குழுவினர், தரையில் உட்கார்ந்து எழுவதை ஒரு பரீட்சையாக வைத்தார்கள். உட்கார 5, எழ 5, மொத்தம் 10 மதிப்பெண். கையையோ முழங்காலையோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் குறைவு. தள்ளாடினால் அரை மதிப்பெண். 51 முதல் 80 வயது வரையுள்ள 2,002 பேரைப் பார்த்து, சுமார் ஆறு வருஷம் தொடர்ந்து கவனித்து, 2012-இல் வெளியிட்டார்கள். குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களில் இறந்தவர்கள் விகிதம் பல மடங்கு அதிகம். 2024-இல் அதே குழு, 46 முதல் 65 வயது வரையுள்ள 3,139 பேரின் மூட்டு வளைவை அளந்து, சுமார் 13 வருஷம் தொடர்ந்த கணக்கை வெளியிட்டது. அதிலும் வளைவு அதிகமுள்ளவர்கள் கூடுதலாகப் பிழைத்திருந்தார்கள்.

வளைந்தால் ஆயுள் கூடும் என்று இதற்கு அர்த்தம் செய்துவிடக் கூடாது. ஏற்கெனவே ஆரோக்கியமாக இருப்பவர் எளிதில் வளையலாம் அல்லவா? வரவும் செலவும் ஒரே பக்கத்தில் இருப்பதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது என்பது நமக்குத் தெரியாததா? ஆனால் உடம்பின் நிலவரத்தைத் தெரிந்துகொள்ள இது செலவில்லாத தராசு. பக்கத்தில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு, முட்டி நோவு இல்லாதவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

முதுகுவலிக்கு இதைவிட நேரான சான்று உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில், நாள்பட்ட கீழ்முதுகுவலி உள்ள 320 பேரைப் பிரித்து, ஒரு பகுதிக்கு 12 வாரம் யோகப் பயிற்சியும் ஒரு பகுதிக்கு இயன்முறைச் சிகிச்சையும் கொடுத்துப் பார்த்தார்கள். யோகம் சிகிச்சைக்குக் குறையாத பலன் தந்தது. 2017-இல் வெளியான முடிவு இது. அவர்கள் கற்றுக்கொண்டது கடினமான ஆசனங்களை அல்ல, முதுகுவலிக்காரர்களுக்கென்று அமைத்த எளிய ஆசனங்களை.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

இரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இல்லாதவர்களும் கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களும் தலை கீழாகும் எந்த ஆசனத்தையும் செய்யக் கூடாது. நம் வயதில் சிரசாசனம் கற்கத் தொடங்குவதே வேண்டாம் என்பது எங்கள் கட்சி. குடலிறக்கம் உள்ளவர்கள், இருதய அறுவை செய்துகொண்டவர்கள், மூட்டு மாற்றியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. எலும்பு பலம் குறைந்தவர்கள், முக்கியமாக நம் வீட்டுப் பெரிய பெண்மணிகள், முதுகைக் கூனாக்கி முன்னால் வளைவதைத் தவிர்க்க வேண்டும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட நேரம் செய்யாமல், கையில் ஒரு இனிப்பு வைத்துக்கொள்ளட்டும்.

முதுகுவலி காலுக்கு இறங்கி மரத்துப் போனால் ஆசனத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது ஆசனத்தால் தீர்வதல்ல.

இழுப்பு வேறு, வலி வேறு. தசையின் நடுவில் இதமாக இழுப்பது சரி. மூட்டுக்குள் குத்தினால் தவறு. மூச்சு திணறினால் எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம்.

பாயின் மாலை

மளிகைக்கடை பாயைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. அவருக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். இரண்டு வருஷமாகப் பள்ளிவாசலில் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுதுவந்தார். மார்க்கத்தில் அதற்கு அனுமதி உண்டு, குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் வரிசையில் எல்லாரும் நெற்றியைத் தரையில் வைக்கும்போது தாம் மட்டும் உயரத்தில் இருப்பது அவருக்கு மனத்தாங்கல். எங்களோடு சேர்ந்ததே அதற்காகத்தான் என்று பிறகுதான் சொன்னார்.

மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, முட்டியை முழுதும் மடக்காமல், இடுப்பையும் கணுக்காலையும் தொடையையும் மெல்ல மெல்ல இளக்கினார். 61 நாளில் அவருக்கு ஆகவில்லை. எட்டு மாதம் ஆயிற்று. ஒரு நாள் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, நேற்று மஃரிபுக்குத் தரையில் சஜ்தா செய்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார். தேய்மானம் தீரவில்லை. காலையில் முட்டி மடங்காததால் சுபுஹு தொழுகைக்கு இன்னும் நாற்காலிதான். மாலைத் தொழுகையில் முடிந்த நாட்களில் தரையில் நெற்றி வைக்கிறார். அவருக்கு அது போதுமாம்.

கோயிலில் விழுந்து கும்பிடுகிறவர்களுக்கும், தேவாலயத்தில் முழந்தாள் இடுகிறவர்களுக்கும் இது புரியும். உடம்பு வளைவது ஆசனப் போட்டிக்காக அல்ல. பேரப்பிள்ளையைத் தூக்க, துக்க வீட்டில் பாயில் அமர, சாலையில் திரும்பிப் பார்க்கத்தான்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

2014 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஜூன் 21-ஐ யோகா தினமாக அறிவித்து, 2015 முதல் கொண்டாடி வருகிறார்கள். நம் கடற்கரையில் தடைக்காலம் முடிந்து சரியாக ஒரு வாரத்தில் வரும் நாள். அன்று ஒரு நாள் பாய் விரித்துப் படம் எடுத்துக்கொண்டு மறுநாள் மறந்துவிடுவதால் பயன் இல்லை. தினம் பத்து ரூபாய் சீட்டுப் போல, தினம் பதினைந்து நிமிஷம் கட்டினால்தான் முதிர்வு உண்டு. நடுவில் பத்து நாள் விட்டால் கட்டியதில் கொஞ்சம் கழிந்துவிடும். இது அனுபவம்.

ஆகவே நமது சங்கக் கட்டடத்தில், காலை கடை திறக்குமுன் அரை மணி நேரம், முறையாகக் கற்ற ஒரு ஆசிரியரை வைத்து வகுப்பு நடத்த நிர்வாகிகள் ஆவன செய்ய வேண்டும். அதில் முதலாளிகளை மட்டும் சேர்க்காமல், நம் மூட்டைகளைத் தூக்கி முதுகு ஒடிகிற தொழிலாளர்களையும் கடைப் பையன்களையும் சேர்க்க வேண்டும். அவர்கள் உடம்பு இறுகிய பிறகு நாம் ஆளுக்கு ஆள் தேடுவதைவிட, இறுகாமல் பார்த்துக்கொள்வது நியாயமும் ஆகும், லாபமும் ஆகும்.

நம் தலை இன்னும் முழங்காலைத் தொடவில்லை. பேரேட்டில் கடைசியாக எழுதிய அளவு 7 அங்குலம். அந்த ஏழு அங்குலம் அப்படியே இருந்தாலும் நமக்கு வருத்தமில்லை. சந்திலிருந்து நெடுஞ்சாலை ஏறும் இடத்தில் இப்போது வண்டியை நிறுத்தி, இருபுறமும் நன்றாகத் திரும்பிப் பார்க்கிறோம். பின்னால் அதே பையன்தான் உட்கார்ந்திருக்கிறான். போன மாதம் அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. பந்தியில் அவனது தாத்தாவோடு நாமும் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். எழும்போது ஒரு கை மட்டும் ஊன்றினோம்.